பாடுவதை விடாதே, கண்ணு

சத்துவாச்சாரி, வேலூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை போனில் நீ சொன்னதற்கு "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை. அது நான் சொல்ல நினைத்த பதிலே இல்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கு அழுகை வந்துவிடும். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

நாலு வாரமாகத் தொண்டை கரகரப்பாக இருக்கிறது, கச்சேரிக்கு மறுநாள் குரலே எழும்புவதில்லை என்றாய். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து பாடுகிறவளை யாரும் பார்ப்பதில்லை, முன்னால் நின்று பாட வேறு ஆளைப் போடலாம் என்று உன் குழுவில் சொல்வதாகவும் சொன்னாய். இரண்டையும் முடிச்சுப் போட்டு, "பாட்டை விட்டுட்டு வாசிக்க மட்டும் செய்றேன்மா" என்று முடித்தாய்.

முதலில் தொண்டையைப் பார்ப்போம். இருபத்தாறு வருஷம் நான் புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கிற வார்டில் நர்ஸாக இருந்தவள். 'ரேடியேஷன்' என்று நாங்கள் சொன்னாலும் நம் பக்கத்து ஜனங்கள் அதைக் கரண்ட் என்றுதான் சொல்வார்கள், எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. அங்கே வந்த தொண்டைக்காரர்களில் பாதிப் பேர் சொன்னது ஒரே வார்த்தை: "சளின்னு நெனச்சு விட்டுட்டேன் சிஸ்டர்." மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய், உள்ளே ஸ்கோப் விட்டுக் குரல்நாணைப் பார்த்துவிட வேண்டும். உன் வயதுக்கும் நீ கத்திப் பாடுகிற பாட்டுக்கும் அது பெரும்பாலும் வீக்கமாகவோ சின்னத் தடிப்பாகவோதான் இருக்கும். ஓய்வும் முறையான குரல் பயிற்சியும் இருந்தால் சரியாகிற விஷயம். பயப்படாதே. ஆனால் இந்த வாரமே போ. டாக்டர் எழுதித் தரும் சீட்டைப் பார்க்கும் முன்னால் பாட்டைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதே.

அடுத்தது, பின்னால் உட்கார்ந்து பாடுகிறவள் என்ற பேச்சு. எனக்கு ரொம்பக் கோபம் வந்தது இதில்தான்.

பொங்கலுக்கு வந்தபோது உன் போனில் ஒரு வெள்ளைத் தாடிக்காரரைக் காட்டினாயே, லெவான் ஹெல்ம் என்ற அமெரிக்க டிரம்மர். "பாரும்மா, கை ஒரு பக்கம் போகுது, தலையைத் திருப்பி மைக்கில் பாடறார்" என்றாய். அன்றைக்குப் பொங்கல் பொங்குகிற அவசரத்தில் சரியாகக் கவனிக்கவில்லை. இந்த இரண்டு ராத்திரியும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டாகக் கிடைத்ததையெல்லாம் கேட்டேன், அவர் கதையையும் தேடிப் படித்தேன். நீ எனக்கு ஒரு நிமிஷம் காட்டிய ஆளைப் பற்றி இப்போது நான் உனக்குச் சொல்கிறேன், கேள்.

1940-ல் அர்கன்சாஸ் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரைச் சமவெளியில் பிறந்தவர். அப்பா பருத்தி விவசாயி. ஊர் பெயர் டர்க்கி ஸ்க்ராட்ச், நம் கலவைப் பக்கத்துக் கிராமம் மாதிரி ஒரு குக்கிராமம். ஆறு வயதில் பில் மன்றோ என்ற மாண்டலின்காரப் பாடகரின் கச்சேரியைப் பார்த்துவிட்டு, இனி நமக்கு இதுதான் என்று முடிவு செய்துவிட்டார். பக்கத்து ஊரான ஹெலினாவில் ஒரு ரேடியோ நிலையம். தினமும் மத்தியானம் கறுப்பினக் கலைஞர்கள் நேரலையில் ப்ளூஸ் வாசிப்பார்கள். அங்கே பெக் கர்ட்டிஸ் என்ற டிரம்மரின் கையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர் இவர். வீட்டில் தங்கை துணி துவைக்கிற தொட்டியைக் கவிழ்த்து, அதில் கம்பும் கயிறும் கட்டி பேஸ் வாசிப்பாளாம், இவர் கிட்டார்.

இதைப் படித்ததும் எனக்கு உன் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. பகலெல்லாம் மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்த கை, ராத்திரி கூத்தில் மத்தளத்தின் மேல் இருக்கும். திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் நடக்கிற நாட்களில் பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை கூத்து. நான் மணலில் படுத்துத் தூங்கிவிடுவேன். எப்போது முழிப்பு வந்தாலும் அப்பாவின் குரல் கேட்கும். வேஷக்காரர் ஒரு அடியைப் பாடி முடித்ததும், பெஞ்சில் உட்கார்ந்தபடி மத்தளத்தை விடாமல் அதே அடியைப் பின்பாட்டாக எடுப்பார். விடிகாலையில் வேஷக்காரருக்குத் தொண்டை கட்டினால் அந்த அடி முழுதையும் இவரே தாங்கிப் பாடிவிடுவார். சபையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் யார் என்று கேட்டால் பாதி ஊருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் கை நின்றால் துரியோதனன் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது.

லெவான் பாடும்போது அவர் கையைக் கவனி. சொல் வருகிற இடத்தில் அடி குறைகிறது, சொல் முடிகிற இடத்தில் ஒரு சின்ன உருட்டு வந்து அதை வாங்கிக்கொள்கிறது. அடுத்த ஆள் பாடியிருந்தால் அந்த இடம் எங்கே வரும் என்று டிரம்மர் காத்திருக்க வேண்டும். இவர் காத்திருக்கத் தேவையில்லை, மூச்சு விடுகிறவரும் அடிக்கிறவரும் ஒருவரேதான். டிரம்ஸின் ஓசையும் கணீரென்று இல்லாமல், தோலைத் தளர விட்டு, அமுக்கி, மரத்தைத் தட்டுகிற மாதிரி வைத்திருப்பார். தாத்தாவின் மத்தளத்தில் தொப்பி, அதாவது இடது பக்கம், பேசுகிற மாதிரி எனக்குக் கேட்டது. எனக்கு ராக் இசை தெரியாது, கண்ணு. மத்தளம் தெரியும். இது அதே வித்தை.

பள்ளிக்கூடம் முடித்ததும் ரானி ஹாக்கின்ஸ் என்ற பாடகரோடு கனடாவுக்குப் போனார். அங்கே நாலு கனடாக்காரப் பையன்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்: ராபி ராபர்ட்சன், ரிக் டான்கோ, ரிச்சர்ட் மானுவல், கார்த் ஹட்சன். பிறகு தனியாகப் பிரிந்து, 1965-ல் பாப் டிலன் என்ற பாடகருக்கு வாசிக்கப் போனார்கள். நாட்டுப்பாட்டுப் பாடிப் பேர் வாங்கிய டிலன் எலக்ட்ரிக் கிட்டாரை எடுத்துவிட்டார் என்று ஊர் ஊராக ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். லெவானுக்கு அது பொறுக்கவில்லை. நவம்பரில் பாதியில் விலகிப் போனவர், மெக்சிகோ வளைகுடாவில் கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்று மேடையில் கூலி வேலை செய்தார். 1967-ல் நண்பர்கள் கூப்பிட்டார்கள், திரும்பி வந்தார்.

வந்து சேர்ந்த குழுவுக்குப் பெயரே 'தி பேண்ட்' தான். முன்னால் நிற்கிறவர் என்று ஒருவரும் அங்கே இல்லை. லெவான், மானுவல், டான்கோ மூவரும் பாடினார்கள். ஒரே பாட்டில் ஒருவர் ஒரு சரணம், இன்னொருவர் அடுத்த சரணம். லெவான் மாண்டலின் எடுத்தால் மானுவல் போய் டிரம்ஸில் உட்காருவார். அந்தக் குழுவின் பேர் பெற்ற பாட்டுகளில் பலவற்றைப் பாடியவர் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்தான். உன் குழுவில் அந்தப் பேச்சு மறுபடி வந்தால் இதைச் சொல். முன்னால் ஒரு ஆள் நின்றால்தான் ஜனங்கள் பார்ப்பார்கள் என்றால், அந்த ஐந்து பேரை யார் பார்த்திருப்பார்கள்?

இன்னொரு விஷயம், பணத்தைப் பற்றியது. நீ முகம் சுளிப்பாய், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தி பேண்டின் பாட்டுகள் பெரும்பாலும் ராபர்ட்சன் பெயரில் பதிவானவை. ஒன்றாக உட்கார்ந்து உருவாக்கியவை, எல்லாருக்கும் பங்கு உண்டு என்று லெவான் கடைசிவரை சொன்னார். எழுதியது நான்தான் என்று ராபர்ட்சன் சொன்னார். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் எழுதியவராகப் பெயர் இருப்பவருக்குத்தான் எழுத்துக்கான ராயல்டி போகும், பாடினவருக்கும் வாசித்தவருக்கும் அதில் ஒன்றும் கிடையாது. 1976 நவம்பரில் பெரிய கடைசிக் கச்சேரி நடத்தி அந்த ஐந்து பேரும் நிறுத்திக்கொண்ட பிறகு, ஒருவர் வசதியாகவும் மற்றவர்கள் ஓடி ஓடி வாசிக்க வேண்டியவர்களாகவும் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். நீ போட்ட மெட்டு, நீ எழுதிய வரி எது எது என்று இப்போதே, எல்லாரும் நட்பாக இருக்கும்போதே, எழுதிக் கையெழுத்து வாங்கி வை.

இனி எனக்குத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன். 1990-களின் கடைசியில் லெவானுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிடலாம் என்ற பேச்சுக்கு அவர் சம்மதிக்கவில்லை. நியூயார்க்கில் கரண்ட் வைத்துக்கொண்டார். மொத்தம் இருபத்தெட்டு முறை.

இருபத்தெட்டு என்று நீ படித்தால் அது வெறும் எண். எனக்கு அப்படி இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரத்துக்கும் மேல். முகத்துக்கும் கழுத்துக்கும் அளவெடுத்து, வெந்நீரில் இளக்கிய வலை போன்ற மாஸ்க்கை மேலே அழுத்தி, மேஜையோடு பூட்டுவோம். அசையக் கூடாது. மூன்றாவது வாரத்தில் கழுத்துத் தோல் கறுத்து உரியும். எச்சில் வற்றும். ரசம் சோறு கூட முள்ளாக இறங்கும். கல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலில் காட்பாடிக்கு வந்து, லாட்ஜில் தங்கி, தினமும் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் "இன்னும் பத்துதான், இன்னும் எட்டுதான்" என்று எண்ணிச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு கூத்துக்காரரும் இருந்தார், செய்யாறுப் பக்கம். பேச்சே வராது. தினமும் மாஸ்க்கைப் பூட்டும்போது அவர் விரல் மேஜை ஓரத்தில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். டெக்னீஷியன் அசையாதீங்க என்று அதட்டுவார். விரல் மட்டும்தானே, விடுங்கள் என்று நான் சொன்னேன்.

லெவானும் அப்படித்தான் இருந்திருக்கிறார். குரல் கிசுகிசுப்பாகப் போய்விட்டது. ஆனால் வாசிப்பதை விடவில்லை. மகள் ஏமி முன்னால் பாட, அப்பா பின்னால் டிரம்ஸ் வாசித்தார். வைத்தியச் செலவும் வீட்டுக்கடனும் கழுத்தை நெரித்தபோது, 2004-ல் வுட்ஸ்டாக்கில் இருந்த தன் மரக்கொட்டகையிலேயே கச்சேரி வைக்க ஆரம்பித்தார். மிட்நைட் ராம்பிள் என்று பெயர். சின்ன வயதில் தன் ஊருக்கு வந்த கூடார ஆட்டக்காரர்கள் நள்ளிரவில் நடத்தின ஆட்டத்தின் ஞாபகமாக வைத்த பெயர். நம் ஊர்க் கூத்துக் கொட்டகை மாதிரிதான், ஜனங்கள் அவரைச் சுற்றிலும் உட்கார்ந்து பார்த்தார்கள். அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் திரும்பி வந்தது. 2007-ல் ஏமியும் கிட்டார்க்காரர் லாரி கேம்பலும் சேர்ந்து தயாரிக்க, தன் அப்பா அம்மா சொல்லிக்கொடுத்த பழைய பாட்டுகளையும் சேர்த்து 'டர்ட் ஃபார்மர்' என்று ஒரு ஆல்பம் பாடினார். அதற்குக் கிராமி விருது கிடைத்தது. விழாவுக்கு அவர் போகவில்லை. பேரன் பிறந்திருந்தான், கொட்டகையிலேயே கச்சேரி வைத்துக் கொண்டாடினார். அடுத்த இரண்டு ஆல்பங்களுக்கும் கிராமி. 2012 ஏப்ரலில், எழுபத்தொன்றாவது வயதில் இறந்தார். வுட்ஸ்டாக்கில் டான்கோவின் சமாதிக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அந்த 'டர்ட் ஃபார்மர்' ஆல்பத்தைப் போட்டுக் கேள், கண்ணு. குரல் உடைகிறது, மேலே போகிற இடத்தில் காற்றுதான் வருகிறது. கரண்ட் தின்ற தொண்டை எப்படியிருக்கும் என்று தெரிந்த எனக்கு, அந்தக் குரல் அவ்வளவு தூரம் எழும்பியதே நம்ப முடியவில்லை. நேற்று ராத்திரி வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவ்வளவு இழந்தவர் ஒவ்வொரு சொல்லாகத் திரும்ப எடுத்த ஒன்றை, உன் தொண்டையில் முழுசாக இருக்கும்போதே நீ யாரோ சொன்னதற்காக வைத்துவிட்டு வருகிறேன் என்கிறாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்பதாவது படிக்கும்போது உன் குச்சி இரண்டும் காணாமல் போனதே, அவற்றை நான்தான் பீரோவுக்கு மேலே ஒளித்து வைத்தேன். பெண் பிள்ளைக்கு எதற்கு இந்தத் தட்டுமுட்டு என்று அக்கம்பக்கத்தில் பேசினதைக் காதில் வாங்கிக்கொண்டேன். நீ பிளாஸ்டிக் ஸ்கேலால் தலையணையில் அடித்துப் பழகினாய், வாயில் பாடிக்கொண்டே. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்போதும் தாத்தா குரல்தான் கேட்டது. ஆனாலும் குச்சியை எடுத்துத் தர மனம் வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை "உன் இஷ்டம்" என்று நான் சொன்னது, அன்றைக்குக் குச்சியை ஒளித்த அதே அம்மா பேசினது.

ஆகவே, பாட்டை விடாதே. டாக்டர் ஒரு மாதம் வாயை மூடு என்றால் மூடு, அந்த ஒரு மாதம் வாசி. குழு வேறு ஆளைப் போட்டால் போடட்டும், உனக்கு ஒரு மைக் உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேள். கேட்டுக் கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வா. பெங்களூரிலிருந்து வர அரை நாள்கூட ஆகாது.

தாத்தாவின் மத்தளத்தைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். வலந்தலைச் சோறு, வலது பக்கத்துக் கறுப்புப் பூச்சு, பாதி உதிர்ந்துவிட்டது, வாரும் தொய்ந்திருக்கிறது. வார் பிடிக்க ஆற்காட்டுப் பக்கம் ஒருவர் இருக்கிறாராம். எந்தச் சுருதிக்குக் கட்ட வேண்டும் என்று கேட்டார். என் பெண் வந்து பாடிக் காட்டுவாள் என்று சொல்லிவிட்டேன்.

டாக்டரைப் பார்த்த அன்றைக்கே சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு.

அம்மா