ஏரியில் இறங்கிய விமானங்கள்

செங்குன்றம்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. முழங்காலுக்குப் பார்க்கிற பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் நலம்.

ரிட்டையர் ஆன பிறகு எப்படிப் பொழுது போகிறது என்று கேட்டிருந்தாய். யுத்த காலத்தில் நம் வடசென்னையைச் சுற்றி இருந்த ராணுவ முகாம்களும் விமானத் தளங்களும் என்ன ஆயின என்று தேடிக்கொண்டு அலைகிறேன். தம்பி மகன் பைக்கில் கூட்டிப் போகிறான்.

சோழவரம் என்றதும் உனக்கு மோட்டார் ரேஸ்தான் ஞாபகம் வரும். உன் அண்ணன் டிபன் கேரியரோடு கிளம்பிப் போவாரே! அந்தக் கார்கள் ஓடியது இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுபாதையில். 1943இல் பிரிட்டிஷ் விமானப் படையான ராயல் ஏர்ஃபோர்ஸ்காரர்கள் வெஞ்சன்ஸ் என்ற அமெரிக்க விமானங்களை வைத்துக்கொண்டு அங்கே பயிற்சி எடுத்திருக்கிறார்கள். விமானத்துக்கு இரண்டே பேர். மேலே ஏறி, மூக்கைக் கிட்டத்தட்ட செங்குத்தாகக் கீழே திருப்பிப் பாய்ந்து, குண்டைப் போட்டதும் நிமிர்த்தி எழுப்ப வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் தரைதான். இருபது வயசுப் பையன்கள் அதை நம் ஊர் வெயிலில் பழகிவிட்டுப் பர்மா எல்லைக்குப் போனார்கள். போர் முடிந்த பின் ஐம்பதுகளில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்த ஆரம்பித்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்கு அது இடம் மாறியது. சோழவரம் ஓடுபாதை இப்போது ராணுவ நிலம், கண்டபடி உள்ளே போக முடியாது. வெளியிலிருந்து புல்லும் முட்செடியும் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது சோழவரம் இல்லை, புழல் ஏரி. நாம் குடித்து வளர்ந்த தண்ணீர். அந்த ஏரியில் விமானம் இறங்கியிருக்கிறது சரோஜா! ராயல் ஏர்ஃபோர்ஸின் 240ஆவது படைப்பிரிவு 1942இல் அயர்லாந்துப் பக்கத்திலிருந்து இங்கே வந்து, ரெட்ஹில்ஸ் லேக் என்ற பெயரில் தளம் போட்டது. கேட்டலினா என்ற விமானங்கள். அடிப்பாகம் படகு மாதிரியே இருக்கும், தண்ணீரிலேயே இறங்கி, தண்ணீரிலிருந்தே எழும்பும். ஒருமுறை கிளம்பினால் இருபது மணி நேரம்கூட வானத்திலேயே இருக்கும். வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிகளைத் தேடுவது, சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போவது, கடலில் விழுந்தவர்களைத் தேடிக் காப்பாற்றுவது, இதுதான் வேலை. நம் கரையில் அலை ஓயாது, கடலில் இறங்கி ஏறுவது கஷ்டம். ஏரி அமைதியாக, நீளமாக இருக்கிறது, கடலும் பக்கம். எவ்வளவு யோசித்து இடம் பிடித்திருக்கிறார்கள் பார்.

அந்த வருஷம் நம் ஊர் பட்ட பாடு உனக்குத் தெரியும். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று குண்டு போட்டதும் மெட்ராஸே காலியானது. உன் பாட்டி கைக்குழந்தையோடு ஆற்காட்டுக்குப் போன கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! மறு வருஷம் அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து இங்கேயும் குண்டு போட்டுவிட்டுத்தான் போனது.

ஏரிக்கரைத் தெருவில் ஒரு பாட்டியம்மா இருக்கிறார், வயசு தொண்ணூறுக்கு மேலே. "தண்ணியைக் கிழிச்சிக்கிட்டு ஏறும்மா, கரையில துவைக்கப் போட்ட துணியெல்லாம் நனைஞ்சிடும்" என்றார். அவருடைய அம்மா சோழவரத்தில் ஓடுபாதை போட ஜல்லிக் கூடை சுமந்தவராம். இந்தியா முழுக்க அன்றைக்கு விமானத் தளங்களைக் கட்டியதில் நம் ஆண்களும் பெண்களும் சுமந்த கூடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கூலிக்காரர்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. பைலட்டுகளின் பெயர் மட்டும் இருக்கிறது. அது எனக்குத் தாங்கவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போது அவர் மருமகள் அரிசி அளக்க ஒரு எனாமல் குவளையை எடுத்தார். வெள்ளை, விளிம்பில் நீலக் கோடு, பிடிக்குப் பக்கத்தில் எனாமல் பெயர்ந்து துரு ஏறியிருந்தது. நான் கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடியில் சின்னதாக ஒரு அம்புக்குறி, அதன் கீழே 1942. அந்த அம்பு பிரிட்டிஷ் ராணுவச் சொத்துக்குப் போடுகிற முத்திரை. முகாமைக் கலைத்தபோது அந்த வீட்டுக்கு வந்ததாம். அன்றிலிருந்து இன்றுவரை தினமும் இரண்டு குவளை அரிசி அதில்தான் அளக்கிறார்கள். கை நடுங்கியதடி எனக்கு.

அதிலிருந்து என் தேடல் திசை மாறிவிட்டது. வேலிக்குள் இருக்கிற இடிபாட்டை ராணுவம் பார்த்துக்கொள்ளட்டும். அந்த முகாம்களின் மிச்சம் சுற்றுவட்டார வீடுகளில் பரணிலும் சமையலறையிலும் கிடக்கிறது. படியநல்லூர், காரனோடை, ஆவடி, எந்தப் பக்கம் போனாலும் ஒரு டிரங்குப் பெட்டியோ கித்தான் துணியோ கிடைக்கும் என்று நம்புகிறேன். தம்பி மகன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, யார் வீடு, எப்படி வந்தது என்று எழுதி வைக்கிறான். அன்றைக்கு எட்டு வயசாக இருந்தவருக்கு இன்றைக்குத் தொண்ணூறு. இப்போது கேட்காமல் எப்போது கேட்பது?

ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் 1914இல் மெட்ராஸ் மேல் குண்டு வீசியதற்கு ஹைகோர்ட் சுவரில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். புழல் ஏரிக்கரையிலும் ஒரு பலகை வைக்கச் சொல்லி மனு எழுதப்போகிறேன். விமானப் படையின் பெயரோடு கூடை சுமந்தவர்களைப் பற்றியும் அதில் ஒரு வரி இருக்க வேண்டும்.

அப்புறம் உனக்கு ஒரு வேலை. வியாசர்பாடி வீட்டிலிருந்து நீ கோயம்புத்தூருக்குக் கொண்டுபோன சாமான்களில் உன் அப்பாவின் பச்சை இரும்புப் பெட்டி ஒன்று இருந்ததே, மூர் மார்க்கெட்டில் வாங்கியது என்பார். பிடியின் அடியிலும் பூட்டுத் தகட்டிலும் அம்புக்குறி இருக்கிறதா பார். இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு. உன் பெரியம்மாவுக்கு ஞாபகம் தெளிவாக இருக்கும்போதே ஆற்காட்டுக்குப் போன கதையைப் போனில் பதிவு செய்து வை. எந்த வழியாகப் போனார்கள், எப்போது திரும்பினார்கள் என்று மறக்காமல் கேள்.

அன்புடன்,
கலா