கட்ட முடியாதவர்களுக்குக் கடற்கரையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் எங்கள் ஊர் மனமகிழ் மன்றத்தின் சந்தா உயர்வு பற்றிய செய்தி வந்திருந்தது. மாதச் சந்தா 200 ரூபாயிலிருந்து 750 ரூபாய் ஆனதையும், கட்டட மேம்பாட்டு நிதியாக ஒவ்வோர் உறுப்பினரும் 15,000 ரூபாய் தர வேண்டும் என்பதையும் தங்கள் நிருபர் சரியாகவே எழுதியிருந்தார். கடைசியில் மன்ற நிர்வாகி ஒருவர் சொன்னதாக ஒரு வரி: "கட்ட முடியாதவர்களுக்குக் கடற்கரை இருக்கிறது, காற்று வாங்க யாரும் காசு கேட்பதில்லை." இதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நிருபர் அந்த வரியைப் போட்ட கையோடு எங்களில் ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் தங்கள் மேலும் எனக்கு உண்டு.

நான் அஞ்சலகத்தில் எழுத்தராக முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1988-ல் மன்றத்தில் சேர்ந்தேன். நுழைவுக் கட்டணம் 100 ரூபாய், மாதச் சந்தா 10 ரூபாய். அன்று தொட்டு ஒரு மாதம்கூடப் பாக்கி வைத்ததில்லை. ரசீதுகள் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. உப்புக் காற்றில் மூடி துருப்பிடித்து, மேலாக இருக்கும் ரசீதுகளில் பழுப்புக் கறை ஏறியிருக்கிறது. எண்ணும் கையெழுத்தும் மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. நிர்வாகி அவர்கள் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

சந்தாவே ஏறக் கூடாது என்று சொல்கிற ஆள் நானில்லை. மின்கட்டணம் ஏறியிருக்கிறது. காவலாளிக்கும் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கும் சம்பளம் கூட்டித்தான் தர வேண்டும். கடலோரக் கட்டடத்தில் கம்பி துருவேறிக் காரை பெயர்ந்து விழுவது இந்தக் கரையில் எல்லா வீட்டிலும் நடப்பது. 300 ரூபாய் கேட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் கட்டியிருப்பேன். 750 ரூபாயைக்கூட ஓய்வூதியத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதம் கட்டிவிட்டேன். விசைப்படகுத் தொழிலில் இருக்கும் உறுப்பினர்கள் எப்படிக் கட்டுவார்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அவர்களுடைய படகு கரையில் நிற்கும். 45 நாளாக இருந்த மீன்பிடித் தடைக்காலம் 2017-லிருந்துதான் 61 நாளானது. தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வரிசையாகக் கட்டிப் போட்ட படகுகளின் படம் ஆண்டுதோறும் தங்கள் நாளிதழில்தானே வருகிறது.

அந்த இரண்டு மாதமும் சந்தா கேட்பதில்லை, படகு கடலுக்குப் போக ஆரம்பித்த பிறகு மூன்று தவணையாக வாங்கிக்கொள்வது என்பது எங்கள் மன்றத்தின் வழக்கம். எங்கும் எழுதிவைத்த விதி கிடையாது. காலஞ்சென்ற எங்கள் பழைய செயலாளர் பேரேட்டில் அந்தப் பெயர்களுக்கு எதிரே பென்சிலால் சின்னதாக 'த' என்று போடுவார். தடைக்காலம் என்று பொருள். பணம் வந்து சேர்ந்ததும் ரப்பரால் அழித்துவிடுவார். கணக்கு எழுத உட்கார்ந்த ஆண்டுகளில் நானும் அப்படிப் போட்டு அழித்திருக்கிறேன். அழிக்காமல் நின்றுபோன 'த' ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. இப்போது வந்திருக்கும் அறிவிப்பில் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் 100 ரூபாய் அபராதம், மூன்று மாதம் தவறினால் உறுப்பினர் பதவி ரத்து. அரசு தருகிற தடைக்கால நிவாரணமே ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய்தான். மேம்பாட்டு நிதி அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

என்னோடு இருபது ஆண்டுகளாகக் கேரம் ஆடும் நண்பர் ஒருவர் பாம்பன்காரர். அவருடைய படகு அக்கரையில், இலங்கையில், பிடிபட்டுக் கிடக்கிறது. பலகையில் ஒட்டியிருந்த அறிவிப்பை அவர் நின்று இரண்டு தடவை படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தம்முடைய ஸ்ட்ரைக்கரை எடுத்து, பவுடரைத் துடைத்து, என் கையில் வைத்தார். "அண்ணே, இது உங்களிடமே இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு அவர் மன்றத்துக்கு வரவில்லை.

அவரைத்தான் கடற்கரைக்குப் போகச் சொல்கிறார் நிர்வாகி. கடலில் பிழைக்கிறவனிடம் கடற்கரைக்குப் போ என்பது, அவன் வீட்டையே அவனுக்குத் தானம் கொடுப்பது போல இருக்கிறது. மாலையில் இரண்டு மணி நேரம் கடலை மறந்து உட்காரத்தான் அவர் மன்றத்துக்கே வந்தார். எனக்கும் சேர்த்துத்தான் அந்த வரி என்றால், எந்தக் கடற்கரைக்குப் போவது? தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் ஓரம் நின்றால் மணல் ஊசியாக முகத்தில் குத்தும். வாடைக் காலத்தில் வடகடல் பக்கம் அதே கதி. சின்ன வயதில் நாங்கள் ஓடிய பாதையில் பாதியைச் சீமைக்கருவேலம் மூடிவிட்டது, மீதியைத் தங்கும் விடுதிகளின் கம்பிவேலி அடைத்துவிட்டது. இருட்டிவிட்டால் ஒரு விளக்கு கிடையாது. கண்புரை அறுவை செய்துகொண்ட எழுபது வயதுக்காரன் அங்கே எதைப் பிடித்துக்கொண்டு நடப்பான்?

சொல்ல வந்ததைச் சொன்ன பிறகு, அடக்கி வைத்திருந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2009-ல் நூலக அறையைப் பூட்டினார்கள். குளிர்சாதன வசதியோடு சீட்டாட்ட அறை ஆனது. இரண்டு பீரோ நிறைய இருந்த புத்தகங்கள் மாடிப்படிக்குக் கீழே போயின. பிறகு மதுக்கூடம் வந்தது. உறுப்பினர்களுக்கு மது வழங்க எஃப்.எல்.2 உரிமம் வாங்கிய மன்றங்கள் எதற்குப் பேர்போயின என்று தமிழ்நாடு முழுக்கத் தெரியும். மன்றத்துக்குப் போய் வருகிறேன் என்று வீட்டில் சொல்லக்கூட இன்று நாக்குக் கூசுகிறது. ஷட்டில் ஆடிய இடத்தில் மூன்று ஆண்டுகளாகக் கார்கள் நிற்கின்றன. சென்ற ஆண்டு பொங்கலன்று வெள்ளை வேட்டியோடு போன என்னைக் குளிர்சாதன அறைக்குள் விடவில்லை. சென்னையில் ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியை வேட்டிக்காக வாசலில் நிறுத்தி, நாடே கொதித்து, 2014-ல் சட்டசபை அதற்கென்று ஒரு சட்டமே போட்டது. அந்தச் சட்டம் எங்கள் ஊர்வரை வந்து சேரவில்லை போலும். தடுத்த காவலாளி மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் தலை குனிந்துதான் நின்றார்.

இதே மன்றத்தின் கூடத்தில்தான் 2020 டிசம்பரில், புரெவி புயல் வருகிறது என்று பாம்பனில் கூண்டு ஏற்றியபோது, கடற்கரைத் தெருக் குடும்பங்கள் வந்து படுத்தன. கேரம் பலகைகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் பாய் விரித்தோம். ரவை ஒரு மூட்டை கிடைத்தது, இரண்டு வேளையும் உப்புமாதான். கைக்குழந்தைக்குத் தூளி கட்ட இடம் தேடியபோது ஷட்டில் வலைக் கம்பங்களைத் தோளில் தூக்கி வந்தவர் நான் மேலே சொன்ன பாம்பன் நண்பர். அன்று அங்கே யாரும் யாரிடமும் வசதியைக் கேட்கவில்லை.

எங்கள் மன்றம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ்ப் பதிவானது. ஆண்டுக்கொரு முறை பொதுக்குழுவைக் கூட்டி வரவு செலவை வைக்க வேண்டும். சந்தாத் தொகை எங்கள் துணை விதியிலேயே இருக்கிறது. அதைத் திருத்துவதென்றால் 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, கூட்டத்தில் வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்ப வேண்டும். எங்களுக்கோ வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது, மறுநாள் அதே தாள் பலகையில் ஏறியது. மூன்று ஆண்டுகளாகக் கணக்கும் காட்டவில்லை. கேட்டால் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்கிறார்கள். மன்றம் தன் உறுப்பினரிடம் வாங்கும் பணத்துக்கும் வரி உண்டு என்று 2021-ல் சட்டத்தைத் திருத்தியது எனக்கும் தெரியும். வரி வாங்கினால் ரசீதில் ஜிஎஸ்டி எண் வேண்டாமா? 135 ரூபாய் வரி என்று என் ரசீதில் எழுதியிருக்கிறது. எண் இல்லை. வாழ்நாளெல்லாம் ரசீது எழுதியவன் கண்ணுக்கு அது தப்புமா?

உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் பதிவாளர் விசாரிக்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. கூடி விளையாடிய இடத்தை விசாரணைக்கு இழுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே தங்கள் மூலமாக இவ்வளவுதான் கேட்கிறேன். மார்ச் முடிவதற்குள் மூன்று ஆண்டு வரவு செலவைப் பலகையில் ஒட்டட்டும். ஏப்ரல் 15-லிருந்து படகுக்காரர்களுக்கு அபராதம் இல்லை என்று அதன் கீழே ஒரு வரி எழுதட்டும். மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் பீரோக்களின் சாவியை என்னிடம் தந்தால், கரையான் விட்டுவைத்த புத்தகங்களை நானே துடைத்து அடுக்கித் தருகிறேன்.

இந்தக் கடிதத்தை அந்த வரி வெளியான அதே மாவட்டப் பக்கத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். பாம்பன் நண்பர் இப்போது தங்கள் நாளிதழைத் தேநீர்க் கடையில்தான் படிக்கிறாராம். அவருடைய ஸ்ட்ரைக்கர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக எழுத்தர்,
மண்டபம் வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.