சாப்பிடாத சின்னவளும் தூங்காத பெரியவனும்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். மருத்துவமனையில் இந்த வாரம் இரவுப் பணி, அதனால் இன்றுதான் முடிக்க முடிகிறது. சின்னவள் நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. நாம் படித்து முடித்து ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தபோது, ஒரு நாள் பிள்ளைகளின் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொள்வோம் என்று நினைத்திருப்போமா?

முதலில் சின்னவள். ஒரு வயது வரை நன்றாகச் சாப்பிட்டவள் இப்போது வாயையே திறப்பதில்லை, குழந்தை இளைத்துப் போய்விட்டாள் என்று உன் மாமியார் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். எங்கள் குழந்தைகள் பிரிவில் 14 மாதக் குழந்தையோடு வரும் தாய்மார்களில் பலர் இதையேதான் சொல்கிறார்கள். கணக்கைப் பார். குழந்தையின் பிறந்த எடை ஐந்தாறு மாதத்தில் இரண்டு மடங்காகிறது, ஒரு வயதில் மூன்று மடங்காகிறது. இந்த வேகம் அப்படியே தொடராது. இரண்டாம் ஆண்டு முழுவதிலும் கூடுவது சுமார் இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் நிதானமாகிவிடுகிறது. எனவே பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதே. தடுப்பூசி அட்டையிலுள்ள எடைக் கோட்டைப் பார். அவளுடைய புள்ளிகள் அவள் கோட்டை ஒட்டியே ஏறிக்கொண்டிருந்தால் அவள் நன்றாக இருக்கிறாள். கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோதான் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். சாப்பிடவில்லையே என்ற கவலையில் புட்டியில் பால் நிறையக் கொடுக்கிறாயா? பசும்பால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் வயிறு பாலிலேயே நிரம்பிவிடும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, மற்ற உணவில் இருக்கும் இரும்பை உடல் எடுத்துக்கொள்வதையும் அது குறைக்கும். கொழுகொழுவென்று இருக்கும் குழந்தை ரத்தசோகையோடு வருவது பெரும்பாலும் இப்படித்தான். பாலை அளவாக்கி, புட்டியை விட்டுக் கோப்பைக்கு மாற்று. பருப்பு, கீரை, முட்டை, இறைச்சி என்று உங்கள் வீட்டில் சாப்பிடுவதை மசித்துக் கொடு. முழுக் கொட்டைகளும் முழுத் திராட்சையும் மட்டும் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அடுத்த முறை ஊட்டும்போது அவள் முகத்தையே கவனி. முதல் சில வாய் கரண்டியை எட்டிப் பிடிப்பாள். பிறகு மெதுவாக மெல்லுவாள். பிறகு தலையைப் பக்கவாட்டில் திருப்புவாள், உதடுகளை இறுக்குவாள். அந்தத் திருப்பல்தான் 'போதும்' என்று அவள் சொல்லும் விதம். அதற்கு மேல் ஊட்டும் ஒவ்வொரு வாயும் அவள் வயிறு சொல்வதை அவளே நம்பாமல் போகப் பழக்குகிறது. கைபேசியைக் காட்டி ஊட்டுவதை நான் இவ்வளவு எதிர்ப்பது இதனால்தான். திரையில் கண் இருக்கும் குழந்தைக்குத் தன் பசியும் தெரிவதில்லை, நிறைவும் தெரிவதில்லை. இரண்டு வயது நிறையும் முன் திரையே வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் சொன்னது. என்ன சாப்பாடு, எந்த நேரம், எங்கே உட்கார்ந்து என்பதை நீ முடிவு செய். எவ்வளவு என்பதை அவளிடம் விட்டுவிடு.

தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டுவருகிறாய் என்று தெரியும், அதை விளக்கப் போவதில்லை. பல் முளைத்துவிட்டதால் காலையும் இரவும் துலக்கிவிடு, பால் புட்டியோடு தூங்கவிடாதே. பெரியவனுக்கும் வளரிளம் பருவத்தில் போட வேண்டிய ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஊக்கத் தவணை உண்டு. போட்டாயிற்றா என்று பார்த்துக்கொள்.

இனி அவனுக்கு வருகிறேன். 15 வயதில் நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கிறான், காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறான், சோம்பேறியாகிவிட்டான் என்று எழுதியிருந்தாய். அந்தச் சொல்லை மட்டும் அவன் காதுபடச் சொல்லிவிடாதே, மல்லிகா. வளரிளம் பருவத்தில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பே ஓரிரு மணி நேரம் தள்ளிப் போகிறது. அவனுக்குத் தேவை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம், பள்ளியோ விடியலிலேயே கூப்பிடுகிறது. உடல் ஒரு பக்கம் இழுக்கிறது, மணியடிப்பு மறுபக்கம் இழுக்கிறது, நடுவில் அவன். நம்மால் செய்ய முடிந்ததைச் செய்வோம். இரவில் கைபேசிகள் எல்லாம் கூடத்தில் இருக்கட்டும், உன்னுடையதும் சேர்த்து. எழுந்ததும் வெளிச்சத்தில் சற்று நேரம் நிற்கட்டும். மாலைக்கு மேல் காபி வேண்டாம். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் தூங்கட்டும், மதியம் வரை நீள வேண்டாம். தினமும் ஒரு மணி நேரமாவது வியர்க்க விளையாடினால் தூக்கமும் தானே வரும். வாழ்நாள் முழுவதும் தாங்கப்போகும் எலும்பின் வலுவில் பெரும்பகுதி இந்த வயதில்தான் சேர்கிறது என்பதால் அந்த ஓட்டம் இரட்டிப்பு லாபம்.

பேசவே மாட்டேன் என்கிறான் என்ற வரியைப் படித்தபோது என் மகளை நினைத்துக்கொண்டேன். எதிரே உட்காரவைத்துக் கேட்டால் "ஒன்றுமில்லை" என்ற ஒரே பதில்தான் அவளிடமிருந்தும் வரும். சென்ற மாதம் இருவரும் ஒரு பெரிய போர்வையை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். போர்வையைப் பார்த்தபடியே, தன் தோழி மெலிய வேண்டும் என்று மதியச் சாப்பாட்டைக் கொட்டிவிடுகிறாள் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் அப்படிச் செய்யலாமா என்று தோன்றியது" என்றாள். எனக்குள் பதறியது. ஆனால் மடிப்பதை நிறுத்தாமல், "எப்போதிலிருந்து?" என்று மட்டும் கேட்டேன். அன்று அவள் பேசிய அளவுக்கு அந்த ஆண்டு முழுவதுமே பேசியிருக்க மாட்டாள். உன் மகனுக்கும் கண்ணோடு கண் பார்க்காத வேலை ஒன்றை உன்னோடு சேர்ந்து செய்யக் கொடு. அவன் பேசும்போது அறிவுரையை உடனே எடுத்து நீட்டாதே.

ஒன்றை மட்டும் சாதாரணமாக விட்டுவிடாதே. இரண்டு வாரத்துக்கு மேல் முகம் வாடியே இருந்தால், விரும்பிச் செய்ததையெல்லாம் கைவிட்டால், நண்பர்களை ஒதுக்கினால், நேரடியாகக் கேள். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லையா என்று கேட்கவும் தயங்காதே. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஏற்கெனவே அதைச் சுமப்பவனுக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். அவன் 'ஆம்' என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போ.

என் மகள் இப்போது பரவாயில்லை. தோழியின் அம்மாவிடம் நானே பேசினேன், அந்தப் பெண் ஆலோசனைக்குப் போய்வருகிறாள். அடுத்த பரிசோதனைக்குச் சின்னவளை அழைத்துப் போகும்போது ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடு. எடையையும் அந்த அளவையும் எனக்கு எழுது. பெரியவன் கைபேசியைக் கூடத்தில் வைக்கச் சம்மதித்தானா என்பதையும் சேர்த்து எழுது.

உன் அன்புத் தோழி,
கலா