மகனுக்கு, தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து

அன்புள்ள மக்கா,

நாலு ஞாயிறாக உன் போன் இல்லை. ஷிப்டு மாறியிருக்கும் என்று உன் அம்மை சொல்கிறாள். சரி. ராத்திரி வேலை முடிந்து வண்டியில் வரும்போது மெதுவாக வா, ஒசூர் ரோட்டில் லாரி அதிகம். நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளை எப்படி இருக்கிறான்? எப்போது கேட்டாலும் படிக்கிறான் படிக்கிறான் என்கிறாய், எட்டு வயதுப் பிள்ளை எவ்வளவு நேரம்தான் படிப்பான், தாத்தாவோடு ரெண்டு வார்த்தை பேச விடக் கூடாதா?

இங்கே விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. ஏப்ரல் 15இல் தொடங்கிய மீன்பிடித் தடை, 61 நாள் முடிய ஜூன் 14 ஆகும். அதனால் நாட்டு வள்ளத்து மீனுக்கு நல்ல விலை. வியாழக்கிழமை சாயங்காலம் நானும் சின்ன மாமாவும் அவர் மகனும் திருக்கை வலையோடு போனோம். வான் தீவைத் தாண்டி, கடலடிப் பாறைப் பாருக்கு அந்தப் பக்கம் மணல் கிடக்கிற இடத்தில் பத்துப் பாக ஆழத்தில் வலையை இறக்கிவிட்டு, கஞ்சி குடித்துவிட்டு வள்ளத்திலேயே படுத்தோம். உனக்கு அந்த இடம் ஞாபகம் இருக்கும்.

விடிவெள்ளி கிளம்பும்போது வலையை இழுத்து வாங்கினோம். திருக்கை மாட்டியிருந்தால் வலை துள்ளாது, அகலப் பலகையைத் தண்ணீருக்குள் இழுக்கிற மாதிரி ஒரே கனமாக வரும். முதல் ரெண்டும் சின்னது. மூன்றாவது புள்ளித் திருக்கை, மூன்று பேரும் கொக்கி போட்டுத்தான் ஏற்ற முடிந்தது, கரையில் 46 கிலோ நின்றது. மாமா அப்படியே காலை வைக்கப் போனார், நான் சத்தம் போட்டேன். போன வருஷம் ஒரு பையனுக்குக் கணுக்காலில் திருக்கை வாலில் இருக்கிற விஷ முள் ஏறி, கால் தாங்குகிற சூட்டில் வெந்நீர் வைத்து ஒரு மணி நேரம் அதற்குள்ளேயே பிடித்து உட்கார வைத்தோம், அப்புறம்தான் கத்துவதை நிறுத்தினான். நீ கடல் பக்கமே இல்லை, இருந்தாலும் சொல்கிறேன், வெந்நீர்தான், வேறு எதையும் அப்பக் கூடாது.

வாலை அறுத்துவிட்டுப் புரட்டினால் வள்ளத்துக்குள்ளேயே குட்டி போட்டது. மூன்று. வலையில் மாட்டிய அதிர்ச்சியில் வயிற்றில் இருப்பதைத் தள்ளிவிடும். ஒன்றைக் கையில் எடுத்தேன், ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து விரித்த அகலம், முதுகில் புள்ளி இன்னும் சரியாக விழவில்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கிற துளை திறந்து திறந்து மூடியது. வால் ஈர நூல் மாதிரி என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது, முள் இன்னும் சவ்வுக்குள்ளேயே இருந்தது. மூன்றையும் தண்ணீரில் விட்டேன். ரெண்டு இறங்கின, ஒன்று மல்லாந்து மிதந்தது. மற்ற மீன் பலதும் லட்சக்கணக்கில் முட்டையிடும், இது சில குட்டிதான் போடும். வாள் மாதிரி மூக்கு நீண்ட வேளா மீனைப் பிடிக்கக் கூடாது என்று 2001இல் சட்டம் வந்தது, அதற்குப் பிறகு என் வலையில் ஒரு வேளாகூட ஏறவில்லை. திருக்கையும் அப்படிப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

மாமா அறுத்த வாலைக் கழுவிக்கொண்டே, காய வைத்தால் நல்ல சாட்டையாகும், பேரனுக்கு அனுப்பு என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மக்கா, நீ ஆறாம் வகுப்பு படித்த வருஷம் பழைய வள்ளத்தில் உன்னையும் கூட்டிப்போனேனே, பாதி வலை போன அன்றைக்கு. வலை மிதவையான போயாவின் கயிறு அவிழ்ந்துவிட்டது, பயல் கட்டியது சரியில்லை என்று கரையில் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். வீட்டுக்கு வந்து பரணில் இருந்த திருக்கை வாலை எடுத்தேன். எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது, உன் அம்மை எண்ணினாளாம். அந்தக் கயிற்றை நீ கட்டிய பிறகு நான்தான் அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். நீ வள்ளத்தின் முன்பக்கம் அணியத்தில் தூங்கிப்போயிருந்தாய். வலை போனது என்று தெரிந்த நிமிஷமே எனக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. கடன் வாங்கிப் போட்ட வலை, ஊர் என்ன சொல்லுமோ என்று வாய் முந்திக்கொண்டது, அப்புறம் கையும். "நல்லாத்தான்பா கட்டினேன்" என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய், பொய் சொல்லாதே, பொய் சொல்லாதே என்று நான் அடித்துக்கொண்டே இருந்தேன். நீ பொய் சொல்லவில்லை என்று அடிக்கும்போதே எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நீ வள்ளத்தில் ஏறவே இல்லை. நம் குடும்பத்தில் முதல் டிப்ளமோ நீதான், எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. கடல் வேண்டாம் என்று நான்தான் அவனைப் படிக்க வைத்தேன் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன். அதுவும் உண்மை இல்லை.

ஈஸ்டருக்கு வந்தபோது பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றான். கழுத்தில் கொசு உட்கார்ந்தது, தட்டலாம் என்று கையைத் தூக்கினேன். தோளைக் குறுக்கிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான், முறுக்கு கீழே விழுந்துவிட்டது. கொசுடா என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை. நீயும் காலேஜ் போகிறவரைக்கும் அப்படித்தான் மூடுவாய். மருமகள் என்னிடம் எதுவும் சொன்னதில்லை, அவள் மேல் கோபப்படாதே. பள்ளிக்கூடத்தில் யாராவதாக இருக்கலாம், நீ விசாரி.

புது வாலை அங்கேயே கடலில் போட்டுவிட்டேன். பரணில் கிடந்ததை நேற்று எடுத்தேன், செல்லரித்திருந்தது, அடுப்பில் வைத்தேன், அம்மை ஒன்றும் கேட்கவில்லை.

பனிமய மாதா கோயில் கொடியேற்றம் ஜூலை 26, திருவிழா ஆகஸ்ட் 5. லீவு இப்போதே எழுதிக் கொடு. கருவாடு போட்டிருக்கிறோம், வந்தால் எடுத்துப் போகலாம். வண்டி மெதுவாக ஓட்டு. ஞாயிறு நான் கடலுக்குப் போக மாட்டேன், போன் பக்கத்திலேயே இருப்பேன், முதலில் பிள்ளையிடம் கொடு.

அப்பா