சேகருக்கு, முதுகு விஷயமாக

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் சௌக்கியம், ஒருவனைத் தவிர. உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் திட்டிக்கொள். சம்பத் பெண் கல்யாணம் நன்றாக நடந்தது. ரசம் மட்டும் சம்பத்தைப் போலவே இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். வேகப்பந்து போடுகிற என் பையன் கார்த்திக்குக் கீழ்முதுகில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது ஓயாத உழைப்பால் எலும்பில் வரும் விரிசல். ரொம்ப நாளாகவே வலி என்று சொல்லிக்கொண்டிருந்தான். கோச் “பிடிப்புதான், ஓடினால் சரியாகிவிடும்” என்று காலையில் நெட்ஸ், மாலையில் மேட்ச் என்று பிழிந்திருக்கிறார். 16 வயசுப் பையன்! ஒருநாள் சாக்ஸ் போடக் குனிந்தவன் நிமிர முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அப்புறம்தான் ஸ்கேன். வலது கையால் போடுகிறவனுக்குப் பெரும்பாலும் இடது பக்க எலும்புதான் விரிசல் விடுமாம். இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் என்று முறுக்கிக்கொள்கிற ஆக்‌ஷனாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மழைக்காலம் முடிகிறவரை பந்து வீசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் என்னைத்தான் முறைக்கிறாள்: “எல்லாம் உங்க லில்லி பண்ணின வேலை.”

அந்த ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் லில்லி என்றதும் நீ கொட்டாவி விடுவாய், தெரியும். போனில் சொன்னால் நடுவில் அவருடைய பந்துவீச்சு ஜோடி, உன் ஆள் தாம்சனைக் கொண்டுவருவாய் என்றுதான் கடிதமே எழுதுகிறேன்.

1973 வெஸ்ட் இண்டீஸ் பயணம் ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முந்தைய வருஷம் இங்கிலாந்தில் 31 விக்கெட் எடுத்த ஆளுக்கு 23 வயசில் முதுகெலும்பில் விரிசல். உடம்பைச் சுற்றிப் பிளாஸ்டர் கட்டு. டென்னிஸ் லில்லி முடிந்தார் என்றுதான் பலர் நினைத்தார்கள். அவரோ பெர்த்தில் ஃபிராங்க் பைக் என்ற உடற்பயிற்சிப் பேராசிரியரிடம் போய் உட்கார்ந்தார். உடம்பை ஒவ்வொரு தசையாகத் திரும்பக் கட்டினார்கள். அந்த சீசனில் கிளப் ஆட்டங்களில் அவர் பேட்ஸ்மேனாக ஆடினார் என்பதை நினைத்துப் பார். அந்தக் கோபக்கார மனுஷன், வேறு யாரோ பந்து போடுவதைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றிருக்கிறார்!

1974-75 ஆஷஸில், அதாவது இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் தொடரில், திரும்பி வந்து 25 விக்கெட். சரி, உன் ஆள் 33, ஒப்புக்கொள்கிறேன். அதுவும் ஓய்வு நாளில் டென்னிஸ் ஆடித் தோளைக் கெடுத்துக்கொண்டு, கடைசி டெஸ்டில் ஆடாமலேயே. ஆனால் லில்லியின் மொத்தம் 355-ல் 300-க்கும் மேற்பட்டவை முதுகு போன பிறகு எடுத்தவை. முதலில் வெறும் வேகம். அப்புறம் லெக் கட்டர் (கால் பக்கத்திலிருந்து வெளியே திரும்பும் வேகப்பந்து), வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, எதிரில் இருப்பவனைப் படிப்பது. 1977 நூற்றாண்டு டெஸ்டில் 11 விக்கெட். 1981 டிசம்பரில் மெல்போர்னில் அன்றைய கடைசிப் பந்தில் ரிச்சர்ட்ஸ் போல்ட், வெஸ்ட் இண்டீஸ் 4 விக்கெட்டுக்கு 10. அப்போது லில்லிக்கு 32 வயசு. அதே ஆட்டத்தில்தான் கிப்ஸின் உலக சாதனையான 309 விக்கெட்டையும் தாண்டினார்.

அலுமினிய மட்டையோடு ஆட வந்தது, பாகிஸ்தானின் மியான்தாதை மைதானத்தில் உதைத்தது, ஹெடிங்லியில் சொந்த அணி தோற்கும் என்று பந்தயம் கட்டியது, இதெல்லாம் கார்த்திக்குத் தெரிய வேண்டாம். ஆசியாவில் அவர் என்ன கிழித்தார் என்று நீ வழக்கம்போல் கேட்பாய். 1980-ல் பாகிஸ்தானில் மூன்று டெஸ்டில் மூன்றே விக்கெட். இந்தியாவில் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. அப்படிப்பட்டவர் 1987-ல் நம் சேத்துப்பட்டுக்கு வந்து எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் என்ற பயிற்சிப் பள்ளியில் நம் பையன்களுக்கு வேகப்பந்து சொல்லிக்கொடுத்தார். ஸ்ரீநாத், ஜாகீர் எல்லாம் அங்கே தேறியவர்கள்தானே. டெண்டுல்கரைப் பார்த்து “நீ பேட்டிங்கைக் கவனி” என்று அனுப்பிவைத்தவரும் அவர்தான். அதற்காகவாவது அவரை மன்னித்துவிடு.

இந்தக் கதையைக் கார்த்தியிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். “லில்லிக்கு செலக்‌ஷன் ட்ரையல்ஸ் இருந்துச்சாப்பா?” என்கிறான். என்ன பதில் சொல்ல? அடுத்த மாதம் ட்ரையல்ஸ். “லைட்டா ஆறு ஓவர் போடட்டும் சார்” என்று கோச் போன் பண்ணினார். நான் முடியாது என்றதிலிருந்து பையன் என்னோடு பேசுவதில்லை. தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு மணிக்கட்டால் பந்தைச் சுண்டி மேலே எறிகிறான். கூரை வெள்ளையில் வட்டவட்டமாகச் சிவப்பு. அவன் அம்மாகூட அதைக் கேட்கவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்.

இரவில் எனக்குத் தூக்கம் வருவதில்லை, சேகர். எலும்பு கூடிவிடும் என்கிறார்கள். கூடின பிறகு பழைய ஆக்‌ஷனோடு ஓடி வந்தானானால்?

கோயம்புத்தூரில் உன் மைத்துனர் எலும்பு டாக்டர்தானே? ஸ்கேன் நகலை இதோடு வைத்திருக்கிறேன், அவரிடம் காட்டி உண்மையைக் கேட்டு எழுது. அப்புறம் ஒரு வாரம் இங்கே வந்து இரு. நான் சொன்னால் ஏறாதது நீ சொன்னால் ஏறும். தாராளமாகத் தாம்சன் புராணமே பாடு. ஆனால் 1976-ல் அடிலெய்டில் கேட்ச் பிடிக்கப் போய் ஆலன் டர்னரோடு மோதித் தோள் போனதையும், அப்புறம் அந்தப் பழைய வேகம் திரும்பவே இல்லை என்பதையும் விட்டுவிடாதே. பயமுறுத்த இல்லை. சரி, கொஞ்சம் பயமுறுத்தவும்தான்.

உன்
ரமணி