‘அடியாள்’ என்ற சொல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஏப்ரல் 3 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரேஞ்சர்ஸ் அணியும் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியும் மோதிய ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில், தொடங்கிய இரண்டே நொடியில் இரு தரப்பிலும் களத்திலிருந்தவர்கள் கைகலந்ததை நினைவுகூர்ந்து, சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தீர்கள். அன்று எட்டுப் பேர் வெளியேற்றப்பட்டதையும், 21 வயது மேட் ரெம்பியின் மீது கூட்டத்தின் கண்ணெல்லாம் இருந்ததையும் குறிப்பு சரியாகவே சொல்லியிருந்தது. ஆனால் தம் அணியினரைக் காப்பதற்காகச் சண்டையிடும், ‘என்ஃபோர்சர்’ என்று அழைக்கப்படும் இத்தகைய ஆட்டக்காரர்களை “சம்பளம் வாங்கும் அடியாட்கள்” என்று எழுதி முடித்திருந்த விதம்தான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக டொரன்டோவில் வாழ்ந்து, மகனுக்கு ஸ்கேட் நாடாவை இறுகக் கட்டிவிட்டு விடியற்காலைப் பயிற்சிகளுக்கு அழைத்துச் சென்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அடியாள் என்றால் பிறருக்காக அடிப்பவன். அது உண்மைதான். வேய்ன் கிரெட்ஸ்கி போன்ற மேதையை எதிரணியினர் முரட்டுத்தனமாக மோதி முடக்கிவிடக் கூடாது என்பதற்காகவே எட்மன்டன் ஆயிலர்ஸ் அணி டேவ் செமெங்கோவை வைத்திருந்தது. 1988 ஆகஸ்டில் கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்கு மாற்றப்பட்டபோது அவரோடு மார்ட்டி மெக்சோர்லியும் சேர்த்து அனுப்பப்பட்டார். ஆனால் அந்தச் சொல்லுக்குள், அந்த ஆள் வாங்கும் அடி இல்லை. இடது கையால் எதிராளியின் சட்டையைத் தோளருகே கொத்தாகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் குத்துவதுதான் அவர்களுடைய முறை. எதிராளியும் அதையேதான் செய்கிறார். கையுறை கழன்ற வெறும் முட்டி தலைக்கவசத்தில் படும்போது நொறுங்குவது குத்தியவரின் விரல் எலும்பு. நிற்பதோ கத்தி போன்ற இரண்டு இரும்புத் தகடுகளின் மேல். கோட்டு நடுவர்கள் இருவரும் பக்கத்திலேயே நின்று, பெரும்பாலும் யாராவது ஒருவர் விழும்வரை காத்திருக்கிறார்கள். பிறகு இருவருக்கும் ஐந்தைந்து நிமிடம் தண்டனை. அது முடிந்ததும் மீண்டும் களத்துக்கு வரலாம்.

இந்தத் தொழில் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு டெரிக் பூகார்டின் வாழ்க்கையைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 1982இல் கனடாவின் சஸ்கட்டூனில் பிறந்து, மெல்ஃபர்ட் என்ற சிற்றூரில் வளர்ந்த பையன் அவர். பதின்ம வயதில் ஓர் ஆட்டத்தின் நடுவே எதிரணியினர் அமரும் பெஞ்சுக்குள்ளேயே புகுந்து கைவீசிய அந்த நெட்டைப் பையனை, ஆள் தேடி வந்திருந்த ரெஜைனா பேட்ஸ் என்ற இளையோர் அணியினர் கண்டுகொண்டார்கள். ஆட்டத் திறனைப் பார்த்து அவரை எடுக்கவில்லை. அடிக்கும் திறனைப் பார்த்து எடுத்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது, ஏனென்றால் அந்தப் பையனுக்கு ஹாக்கி ஆடத்தான் ஆசை. 2001இல், தொழில்முறை அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில், மினசோட்டா வைல்ட் அணி அவரை 202ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 2005இல், வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டியான தேசிய ஹாக்கி லீகின் களத்தில் இறங்கினார். ஆறடி ஏழு அங்குல உயரமும் நூற்றிருபது கிலோ எடையும் கொண்ட அவர் பெஞ்சிலிருந்து எழுந்தாலே அரங்கம் ஆர்ப்பரிக்கும்.

277 ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் மூன்று. தண்டனையாகப் பெற்ற நிமிடங்கள் 589. 2006 அக்டோபரில் அனஹைம் அணியின் டாட் ஃபெடோருக்கின் கன்ன எலும்பை ஒரே குத்தில் சிதைத்தார். டைட்டானியம் தகடுகள் பொருத்தி அந்த முகத்தைச் சீரமைக்க வேண்டியிருந்தது. அடுத்த பருவத்தில் அதே ஃபெடோருக் மினசோட்டாவுக்கு வந்து பூகார்டின் அணித்தோழரானார் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். இவர்களுக்குள் பகை இருந்ததில்லை. பகையில்லாத ஒருவனை அடிக்கவும், அவனிடம் அடிவாங்கவும் வேண்டியிருப்பதால்தான் ஆட்டத்துக்கு முந்தைய இரவில் தூக்கமே வராது என்று இத்தொழிலில் இருந்த பலர் ஓய்வுபெற்ற பிறகு சொல்லியிருக்கிறார்கள்.

2010இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி நான்கு ஆண்டுகளுக்கு 65 லட்சம் டாலர் என்று அவரை ஒப்பந்தம் செய்தது. நவம்பர் 9 அன்று, ஏறக்குறைய ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, அவர் ஒரு கோல் அடித்தார். சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 9 அன்று ஒட்டாவாவில் மேட் கார்க்னருடன் மோதியதில் வாங்கிய அடியோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துவிட்டது. அதற்குப் பிந்தைய மாதங்களில் தலைவலியும் வெளிச்சத்தைத் தாங்க முடியாத கண்களுமாக வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார். முதுகிலும் கையிலும் தோளிலும் ஏற்பட்ட காயங்களுக்காக ஆண்டுக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரைகளுக்கு அவர் ஏற்கெனவே அடிமையாகியிருந்தார். அவற்றில் பெரும்பகுதியை அணிகளின் மருத்துவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள் என்பது, மகன் போன பிறகு தந்தை திரட்டிய ஆவணங்கள் வழியாகச் செய்தித்தாள்களில் வெளிவந்தது. 2011 மே 13 அன்று மினியாபொலிஸில் இருந்த தம் வீட்டில், மதுவும் ஆக்சிகோடோன் மாத்திரையும் சேர்ந்ததால் பூகார்ட் இறந்து கிடந்தார். வயது 28.

பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவருடைய மூளையைச் சோதித்து, சி.டி.இ. எனப்படும் சிதைவு நோய் அதில் இருந்ததை உறுதிசெய்தார்கள். தலையில் திரும்பத் திரும்ப விழும் அடிகளோடு தொடர்புடைய இந்நோயை இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். பூகார்ட் இறப்பதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பு 45 வயதில் இறந்த, இதே தொழிலில் இருந்த பாப் ப்ரோபர்ட்டின் மூளையிலும் அது இருந்தது. 28 வயதுக்காரரின் மூளை 45 வயதுக்காரரின் மூளையைவிட அதிகமாகச் சிதைந்திருந்தது என்ற செய்தியைப் படித்த நாளில் என் மகன் பயிற்சிப் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான். அன்று அவனை அனுப்பவா வேண்டாமா என்று நான் தயங்கியதை அவன் அறியமாட்டான்.

இத்தனைக்குப் பிறகும் லீகின் ஆணையர் கேரி பெட்மேன், தலையில் விழும் அடிகளுக்கும் இந்நோய்க்குமான தொடர்பு இன்னும் நிறுவப்படவில்லை என்றே சொல்லிவந்திருக்கிறார். முன்னாள் ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கு 2018இல் ஏறத்தாழ 1.9 கோடி டாலர் சமரசத்தோடு முடிந்தபோதும் லீக் எந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளவில்லை. 2013 அக்டோபர் முதல் நாள், மான்ட்ரியல் அணிக்காக ஆடிய ஜார்ஜ் பாரோஸ், எதிரணியின் கோல்டன் ஓர் என்பவரோடு சண்டையிடும்போது நிலை தடுமாறி முகம் பனித்தளத்தில் மோத விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அசைவற்றுக் கிடந்த அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் சென்றார்கள். அதே பாரோஸ் 2017 முதல் ஆட்டக்காரர்களின் பாதுகாப்புக்கான துறையை லீகில் நடத்திவருகிறார். அந்த அடியை அனுபவித்தவர் அந்த நாற்காலியில் இருந்தும் சண்டைக்கு இன்றுவரை ஐந்து நிமிடம்தான் தண்டனை என்பது எனக்குப் பெருத்த ஏமாற்றம்.

சண்டைக்கென்றே ஓர் ஆளை வைத்திருக்கும் வழக்கம் குறைந்துவிட்டது என்பதை மறுக்கவில்லை. வேகமும் சம்பள உச்சவரம்பும் வந்த பிறகு, ஆடத் தெரியாதவருக்கு அணியில் இடம் தர யாராலும் முடிவதில்லை. ஆனால் அது கணக்குப் பார்த்ததால் வந்த மாற்றம். பூகார்டுக்காக யாரும் வருந்தியதால் வந்ததல்ல. க்யூபெக் இளையோர் லீக் 2023இல் சண்டையிடுபவரை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றும் விதியைக் கொண்டுவந்தது. ஒலிம்பிக்கிலும் சண்டையிட்டவர் வெளியே போகத்தான் வேண்டும். அங்கெல்லாம் ஆட்டம் சுவை குன்றிப் போய்விடவில்லை.

தங்கள் இதழைக் கனடாவில் படிக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல, பிள்ளைகளை இந்த ஆட்டத்தில் சேர்த்திருக்கின்றன. ஆகவே அடுத்த முறை இத்தகைய ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவர் எத்தனை பேரை வீழ்த்தினார் என்பதோடு, எத்தனை முறை மூளை அதிர்ச்சிக்கு ஆளானார், ஓய்வுக்குப் பின் எப்படி வாழ்ந்தார் என்பதையும் கேட்டறிந்து வெளியிடும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
டொரன்டோ.