மூட்டத்தை நீக்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மழைக்காலத் தெருப் படங்களைப் பார்த்தேன். மூட்டத்தையெல்லாம் மென்பொருளில் நீக்கிவிட்டு, இப்போதுதான் கட்டடங்கள் தெளிவாகத் தெரிகின்றன என்று எழுதியிருந்தாய். எனக்கு உடனே நியூயார்க்கின் ஃபிளாட்டயர்ன் கட்டடம் நினைவுக்கு வந்தது.

பிராட்வேயும் ஐந்தாம் அவென்யூவும் வெட்டிக்கொள்ளும் இடத்தில், முக்கோணத் துண்டு நிலத்தில் 1902-இல் எழும்பிய கட்டடம் அது. புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைகன் 1904-இல் அதை அந்தி நேரத்தில் படமெடுத்தார். முன்னால் இலையில்லாத ஒரு மரக்கிளை. உயரத் தொப்பி போட்ட வண்டிக்காரர்கள் வெறும் நிழலுருவாக நிற்கிறார்கள். தெரு ஈரத்தில் விளக்கொளி மின்னுகிறது. பின்னால் கட்டடம், அதன் உச்சி படத்துக்குள் அடங்கவேயில்லை. ஜன்னல்களை எண்ண முடியாது. ஆனால் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரமாக நிற்கிறது என்பதை உடம்பே உணர்கிறது.

எப்படி? கிளை நல்ல கறுப்பு, கட்டடம் அதைவிட வெளிறல், வானம் இன்னும் வெளிறல். காற்றில் ஈரம் இருந்தால் தூரம் கூடக்கூடக் கருமை வெளுத்துக்கொண்டே போகும். படத்துக்கு ஆழம் தருவது அந்தப் படிநிலைதான். நீ துடைத்தெறிந்ததும் அதைத்தான்.

ஸ்டைகன் மட்டும் படத்தில் கைவைக்கவில்லையா என்று கேட்பாய். நிறையவே வைத்தார். முதலில் பிளாட்டினம் அச்சு, அதாவது பிளாட்டினத்தால் உருவம் பதியும் கறுப்பு வெள்ளைப் படம். அதன்மேல் வேலம்பிசின், பொட்டாசியம் டைகுரோமேட், நிறமி மூன்றும் கலந்த பூச்சு. ஒளி பட்ட இடத்தில் பிசின் இறுகும், படாத இடம் தண்ணீரில் கரைந்துவிடும். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இந்தப் படத்தின் மூன்று அச்சுகள் இருக்கின்றன. மூன்றும் வெவ்வேறு நிறம். அந்தி இருட்டிக்கொண்டே போவதுபோல எனக்குத் தோன்றும். நிறம் அவர் சேர்த்தது, சரி. ஆனால் அன்றைய காற்றை இன்னும் அடர்த்தியாகக் காட்டத்தான் சேர்த்தார்.

அவருக்கு முன்பே, 1893 பிப்ரவரியில், ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற இன்னொரு புகைப்படக் கலைஞர் ஐந்தாம் அவென்யூவில் பனிப்புயலில் கைக்கேமராவோடு மூன்று மணி நேரம் காத்து நின்றார். கொட்டும் பனிக்குள்ளிருந்து குதிரை வண்டி வரும் அந்தப் படத்தின் நெகட்டிவைப் பார்த்தவர்கள், கூர்மையில்லை, தூக்கிப் போடு என்றார்களாம். நல்லவேளை, அவர் கேட்கவில்லை.

ஸ்டைகனின் மூன்று அச்சுகளும் அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. கைப்பேசியில் வேண்டாம், பெரிய திரையில் அருகருகே வைத்துப் பார். அப்புறம் எந்த நிறம் உனக்குப் பிடித்தது என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்